மூன்றாம் மாடிக் காவலாளி

காவலாளிகள் கண்ணில் படாமல் பதுங்கிச் சென்று ஆடும் ஒரு வீடியோ கேமின் இரண்டாம் பாகத்துக்கு வரும் கருத்துகளைப் படித்து, அதைத் திருத்துவது நிலோஃபரின் வேலை. எல்லாருக்கும் ஒரே குறைதான். "மூணாம் மாடிக் காவலாளி, மூச்சு விட்டாலே திரும்பிப் பாக்குறான்."

அந்தக் காவலாளிக்குத் தன் நடையையும் குரலையும் பதிவு செய்து, தன்னைப் போலவே கூர்மையான காதையும் அமைத்துக் கொடுத்தவர், இறந்துபோன அவள் கணவர் ஜக்கரியா.

"காதைக் கொஞ்சம் மந்தமாக்கிடும்மா," என்றார் மேலாளர் சேவியர்.

மாற்றுவதற்கு முன் அவளே ஒருமுறை ஆடினாள். தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தபோது அழுகை முட்டியது. ஆடுபவரின் சத்தத்தைக் கேமுக்குள் கொண்டுபோகும் மைக்கில் அது கேட்டுவிட்டது. காவலாளி நின்றார். அவள் கண் கூசாதபடி கைவிளக்கைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரும்மா அழுவுறது?"

பின்னால் நின்றிருந்த சேவியர் அருகில் வந்தார்.

"காதை அப்படியே விட்டுடும்மா. ஆடுறவங்க இன்னும் மெதுவா நடக்கட்டும்."