மீனம்மாளின் கை வேகம்

மூன்றாவது முறையாக "கட்" சொன்னார் டைரக்டர்.

ஒரகடத்தில் வாடகைக்கு எடுத்த ஃபேக்டரியில் படப்பிடிப்பு. ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் தொழிலாளியாக நடிக்க, வடக்குப்பட்டிலிருந்து மீனம்மாளை ஒரு நாள் கூலிக்கு அழைத்து வந்திருந்தார்கள்.

"இன்னாம்மா, பேய் மாதிரி சுத்துற? நிஜ ஃபேக்டரில யாரு இவ்ளோ வேகமா செய்வாங்க? மெதுவா செய். இல்லன்னா வேற ஆள வெச்சிக்கிறேன்."

"மெதுவாதான் சார் பண்றேன். கை கேக்க மாட்டேங்குது. போவச் சொல்லிடாதீங்க சார்."

கேமராமேன் இனியவன் சிரித்தான். "அக்காவ விடுங்க சார். ஃபிலிம் கேமராதானே? மோட்டார் வேகத்த செகண்டுக்கு இருபத்திநாலு ஃப்ரேம்லேர்ந்து முப்பத்தாறுக்கு ஏத்திடறேன். அத வழக்கமான வேகத்துல ஓட்டினா திரையில கை மெதுவாத் தெரியும்."

குமிழைத் திருப்பினான். ஷாட் ஓகே ஆனது.

டைரக்டருக்கு இப்போது ஆச்சரியம். "இந்த வேலைய எங்கம்மா கத்துக்கின?"

"இதே மேஜையிலதான் சார். கம்பெனிய மூடுற வரைக்கும் பதினோரு வருஷம் இங்கதான் நின்னுகினு இருந்தேன்" என்றாள் மீனம்மாள். "நான் ரொம்ப ஸ்லோன்னு சூப்பர்வைசர் தெனம் திட்டுவாரு."