கேசட்டின் காது

அண்ணனின் கேசட் எங்கள் வீட்டுக்கு வந்து ஐம்பத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, துபாயிலிருந்து விடுப்பில் வந்த தஸ்தகீர் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். காசிம் அண்ணன் கடிதம் எழுதுவதில்லை. பேசிப் பதிந்து அனுப்புவார்.

அத்தா புளி லோடுடன் பெங்களூர் போயிருந்தார். அவர் வராமல் யாரும் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். கேசட் என் அலமாரியில், கம்ப்யூட்டர் கேசட்டுகளுக்குப் பக்கத்தில் இருந்தது.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அத்தா முகம் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்தக் கேசட்டில்தான் என் சேலம் இருந்தது. பி.எஸ்சி. முடித்த எனக்கு அங்கே ஓராண்டு கம்ப்யூட்டர் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. மொரப்பூரிலிருந்து தினமும் ரயிலில் போய் வரலாம். திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும்.

காசிம் என்ன சொல்கிறானோ அதுதான் என்று அத்தா சொல்லியிருந்தார்.

பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாளும் வந்திருந்தார். அவர் மகன் மாது, காசிம் அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறான். கடைசியில் அவனும் இரண்டு வார்த்தை பேசியிருப்பதாகத் தஸ்தகீர் சொன்னாராம்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே டேப் ரெக்கார்டர். அதுவும் அண்ணன் கொண்டுவந்த கம்ப்யூட்டரோடு வந்தது. கம்ப்யூட்டர் என்றால், பார்வைக்கு டைப்ரைட்டரின் கீழ்ப்பாதி போல இருக்கும். எழுத்து டி.வி.யில் வரும். எழுதிய புரோகிராமைக் கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது அதுவும் போய்விடும்.

நான் ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். நேரத்தை டைப் செய்தால், மொரப்பூரில் அடுத்து நிற்கும் சேலம் ரயிலைச் சொல்லும்.

துபாய்க்குக் கிளம்பும் முன் அண்ணன் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். ஸ்டெபிலைசர் இல்லாமல் போடாதே. கரண்ட் வந்தால் பத்து நிமிடம் பொறு. முறுக்குத் தின்ற கையால் தொடாதே. டேப் ஹெட்டை வாரம் ஒருமுறை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடை. கேசட்டை டி.வி. மேல் வைக்காதே. முக்கியமான கேசட்டின் காதை உடைத்துவிடு. அதற்குக் கீழே காதைப் பற்றி இன்னும் ஒரு வரி.

காது என்பது கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு. அண்ணன் வைத்த பெயர். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட் புதிதாக எதையும் கேட்காது. இருப்பது அழியாது.

அத்தா கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. ஆனால் அந்தத் தாள் அவருக்கு மனப்பாடம். வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பிப்பார். போன மாதம் அரூரிலிருந்து நான்கு பேர் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தபோதும் ஒப்பித்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

அத்தா பொத்தானை அழுத்தினார்.

நீளமாக ஒரு விசில். பிறகு தகரத்தை ஆணியால் கீறுவதுபோலக் கரகரவென்று ஓசை.

"ஏங்க பாய், காசிமுக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?" என்றார் தீர்த்தம்மாள்.

அத்தா நிறுத்தினார். "ஹெட்டுல தூசு. வஹிதா, ஸ்பிரிட்டு கொண்டா."

கொண்டுவந்தேன். அவரே துடைத்தார். முதலிலிருந்து போட்டார். அதே விசில், அதே கரகரப்பு.

ஸ்டெபிலைசரைப் பார்த்தார். முள் சரியான இடத்தில்தான் நின்றது.

"யாராச்சும் டி.வி. மேல வெச்சீங்களா?" என்று அம்மாவைப் பார்த்தார்.

"அங்க உங்க பையன் அனுப்புன பொம்மைக்கே எடமில்ல" என்றார் அம்மா.

நான் டி.வி. உறையை மடித்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே மடித்திருந்த உறை.

நான்கு நிமிடம் ஓடியது. சட்டென்று கரகரப்பு நின்றது. கிணற்றடியில் நின்று பேசுவதுபோல, தெளிவாக ஒரு குரல்.

"எம்மா, நான் மாது பேசறேன். இங்க சோறெல்லாம் நல்லா இருக்குது. நீ அந்த வெள்ளாட்ட வித்துராத."

"அத எப்பவோ வித்தாச்சுடா" என்று தீர்த்தம்மாள் டேப் ரெக்கார்டருக்குப் பதில் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

அத்தா நகரவில்லை. மாதுவின் குரல் இவ்வளவு சுத்தமாகக் கேட்டால் ஹெட்டில் தூசு இல்லை. அவர் கேசட்டை வெளியே எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தார்.

அண்ணன் காதை உடைத்துத்தான் அனுப்பியிருந்தார். அந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. விரல் வெட்டுப்பட்டால் போட அம்மா சமையலறையில் வைத்திருக்கும் பிளாஸ்டர்.

அத்தாவின் உதடு மெல்ல அசைந்தது. தாளின் கடைசி வரி. காது இல்லாத கேசட்டில் மறுபடி பதிய வேண்டுமென்றால், ஓட்டையை ஒட்டு.

"இது தானா ஒட்டிக்காது" என்றார். "அந்தச் சத்தம் என்ன?"

"சேலம் ரயில் புரோகிராமுங்க அத்தா. கேசட்டுல பதிஞ்சா இப்படித்தான் கேக்கும்."

"மாது பேச ஆரம்பிக்கற எடத்துல கரெக்டா நிக்குது. அப்ப, முழுசும் கேட்டிருக்கற."

"ஆமாங்க அத்தா."

அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்றுவிட்டார்.

"காசிம் போகச் சொன்னானா, வேணாம்னானா?"

உறையைக் கீழே வைத்தேன்.

"சேலத்தப் பத்தி அண்ணன் ஒண்ணும் பேசலீங்க. கம்ப்யூட்டர அரூர்க்காரங்க வூட்டுக்கே குடுத்துரச் சொன்னாரு."

அத்தா கண்ணாடியைக் கழற்றினார்.

"கூடவே என்னையும்" என்றேன்.