பூ வைத்த பக்கம்

எட்டு வருடங்களாகத் தர்ஷினியின் இடது காதில் சீழ் வடிந்தது. பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தக் காதை மறைத்து அம்மா மல்லிகைச் சரத்தைத் தொங்கவிடுவாள். “எம்பொண்ணுக்குப் பூன்னா உசுரு” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள். எதற்காக என்று மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வகுப்பில் தர்ஷினிக்கு இடப்பக்கம் இருந்த இருக்கை மட்டும் காலியாகவே கிடந்தது.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதம், காது நன்றாகக் காய்ந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மா சந்தோஷம் தாங்காமல் இரண்டு முழம் மல்லிகை வாங்கி, மகளின் தலையில் வைக்கப் போனாள்.

தர்ஷினியின் முகம் வெளிறியது. காதைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

“சரியாயிடுச்சுன்னு சொன்னாரே… இன்னும் நாறுதாம்மா?”

அம்மாவின் கை பூவோடு அந்தரத்தில் நின்றது.