வலிக்காத ஊசி

காலையிலிருந்து பத்தொன்பது பேரைப் பார்த்தாயிற்று. ஊசிக்குத் தொண்டை வறண்டு, முதுகு விண்விண் என்று தெறித்தது. கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டு மத்தியான இடைவேளைக்கு எழுந்தாள்.

ஊசி என்பது நர்சிங் படிக்கும்போது கூட்டாளிகள் வைத்த பெயர். அவள் குத்தினால் வலிக்கவே வலிக்காது, அப்படி ஒரு கை. கை இருந்து என்ன செய்ய, பரீட்சையில் அதற்கெல்லாம் யார் மார்க் போடுகிறார்கள்? லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வியாயிற்று. மூன்றாவதுதான் கடைசி. அதற்குமேல் எழுத விடமாட்டார்கள்.

பாஸ் ஆனால் இந்த இடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடலாம். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் இதே நாற்காலி, இதே ஜன்னல் இல்லாத அறை, இரண்டு நிமிஷம் பிந்தினால் தலைக்குமேல் வந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் இதே மேற்பார்வையாளர். அந்த மனிதருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயரே கடிகாரம். அதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

மொட்டைமாடிக்குப் போகும் படியில் உட்கார்ந்து, ஸ்டெதஸ்கோப்பையும் வெள்ளைக் கோட்டையும் கழற்றி மடித்துப் பின்னால் வைத்தாள். கோட்டில் கொட்டை எழுத்தில் இடத்தின் பெயர் தைத்திருந்தது. போனில் முகம் பார்த்துப் பேசப்போகிறவள் கண்ணில் அது பட்டால் வீண் வம்பு.

ஒரு மாதமாய் அவள் மேய்ந்த ஆன்லைன் கோர்ஸ்களுக்குக் கணக்கில்லை. ஒருவன் பத்தாயிரம் கேள்வி தருகிறேன் என்றான். இன்னொருவன் ஃபெயிலானால் மறுபடியும் இலவசமாய்ப் படிக்கலாம் என்றான். ஏற்கனவே ஃபெயிலானவளுக்கு அதே பாடத்தைத் திரும்பப் போட்டால் என்ன புண்ணியம்? முதல் இரண்டு தடவையும் அவள் படித்தது ஒரே கோர்ஸ்தான். சும்மா கிடைக்கிறதே என்று பல்லை இளித்துக்கொண்டு சேர்ந்ததற்கு நன்றாய் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சலித்துப் புடைத்துக் கடைசியில் ஒன்று மிஞ்சியது. அவர்களுடைய ஆலோசகர் வீடியோவில் வந்தாள். அவளும் நர்ஸாம். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், களைத்த முகம். கோர்ஸின் பெருமையை அவள் மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே போக, ஊசி குறுக்கே புகுந்தாள். இரண்டு தடவையும் தன்னைக் கவிழ்த்த கேள்வியை அவளிடமே போட்டாள்.

வார்டில் நாலு பேர். ஒருத்தர் வலியில் கத்துகிறார், ஒருத்தர் வாந்தி எடுக்கிறார், ஒருத்தர் வீட்டுக்கு அனுப்பு என்று சண்டை போடுகிறார், ஒருத்தர் கண்ணை மூடிச் சும்மா கிடக்கிறார். யாரை முதலில் பார்ப்பீர்கள் என்று கேட்டாள்.

"சும்மா கிடக்கறவரை," என்றாள் அந்த சிஸ்டர், யோசிக்காமல். "கத்தறவருக்கு மூச்சு இருக்குன்னு நமக்கே தெரியுது. சத்தம் போடாதவருக்கு இருக்கான்னு போய்ப் பார்க்கணும்ல?"

ஊசிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. விற்க உட்கார வைத்த பொம்மை இல்லை, வார்டில் நின்று கால் கடுத்தவள்தான். ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸை ஏமாற்றுவாளா என்ன? ஆனாலும் கடைசி வாய்ப்பாயிற்றே, மனசு கேட்கவில்லை.

"சிஸ்டர், கூடப் பிறந்தவளா நினைச்சுச் சொல்லுங்க. எனக்கு இதை விட்டா வேற கதி இல்ல. நீங்க இதுல படிச்சுத்தான் பாஸ் பண்ணீங்களா?"

அந்த சிஸ்டரின் கண் ஒரு கணம் திரைக்கு மேலே எங்கோ போய்த் திரும்பியது. பிறகு சிரித்தாள்.

"நான் இதுலதான் படிச்சேன். முதல் தடவையே பாஸ்."

பாஸ் பண்ணிவிட்டு ஏன் இன்னும் இந்த வேலையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்க ஊசிக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்கப்போய் இருக்கிற ஒரே பிடியும் நழுவிவிட்டால் அப்புறம் எங்கே போவது என்று பயம். கண்ணை மூடிக்கொண்டு அந்த நிமிஷமே சேர்ந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாய் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல லேசாக இருந்தது.

இடைவேளை முடிந்து மூன்று நிமிஷம் ஆகியிருந்தது. அடித்துப் பிடித்துக் கோட்டையும் ஸ்டெதஸ்கோப்பையும் மாட்டிக்கொண்டு கீழே ஓடினாள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் வரிசை வரிசையாய் மேஜைகள், மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்கு ஒரு வெள்ளைக் கோட்டு. கடிகாரம் அவள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு நகர்ந்தார்.

ஊசி ஹெட்போனை மாட்டினாள். திரையில் இருபதாவது ஆள் காத்திருந்தாள். சின்னப் பெண், இரவெல்லாம் தூங்காத கண்.

"எனக்கு இதுதான்க்கா கடைசி தடவை. நீங்களும் நர்ஸ்ங்கறதால நம்பிக் கேக்கறேன். உங்க கோர்ஸ்ல சேர்ந்தா பாஸ் ஆயிடுவேனா?"

திரைக்கு மேலே பதிலை எழுதி ஒட்டியிருந்த காகிதத்தை ஊசி ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"நான் இதுலதான் படிச்சேம்மா. முதல் தடவையே பாஸ்."