சுழல் வந்தால் எந்தப் பக்கம்?

முள் குத்தும் என்று குட்டி முள்ளம்பன்றியின் பக்கத்தில் யாருமே உட்கார மாட்டார்கள். மறுநாள் வகுப்பே ஆற்றை நீந்திக் கடக்க வேண்டும். சுழல் வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்பது மட்டும் முள்ளம்பன்றியின் மண்டையில் ஏறவே இல்லை.

வகுப்பு முடிந்ததும் அது கொக்கு டீச்சரிடம் போய் நின்றது.

"டேப்லெட்டுல நான் வரைஞ்சது, பேசினது எல்லாமே ரெக்கார்டு ஆகியிருக்குடா. போட்டுப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு டீச்சர் பறந்துபோனார்.

காலி வகுப்பில் அது பாடத்தைப் போட்டது. திரையில் நீலக் கோடாக ஆறு ஓடியது, நடுவில் சுழல் சுற்றியது. டீச்சரின் குரல் கேட்டது:

"இப்படி வந்து, இப்படி வளைஞ்சு, சட்டுனு இப்படிப் போயிடணும். புரிஞ்சுதா?"

"க்ர்ராக்! புரிஞ்சுது டீச்சர்!" இது தவளை.

"பேக் பேக், எனக்கும்!" இது வாத்து.

பிறகு ஒரு கீச்சுக்குரல்: "டீச்சர், எனக்குப் புரியல."

முள்ளம்பன்றி திடுக்கிட்டது. அது தன்னுடைய குரலேதான்.

"அப்புறமா வா கண்ணு, தனியா சொல்லித் தர்றேன்" என்ற டீச்சர் அடுத்த பாடத்துக்குத் தாவினார்.

முள்ளம்பன்றி பதிவைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி ஓடவிட்டது. தன் குரல் வரும் இடத்தில், இந்தத் தடவையாவது டீச்சர் காதில் நன்றாக விழட்டும் என்று, தானும் சேர்ந்து கத்தியது:

"டீச்சர், எனக்குப் புரியல!"