நழுவும் வியாழன்

பொழுது சாய்ந்துவிட்டது, வானத்தின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருக்கிறது. மொட்டை மாடியில், தான் வெல்டிங் செய்த இரும்பு ஸ்டாண்டின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார் பட்டறைக்காரர். அதன் மேல் பள்ளிக்கூடத்துத் தொலைநோக்கி. "மலை மாதிரி நிக்கும் டீச்சர், அசைஞ்சா தொழிலையே விட்டுடறேன்" என்று சவால் விட்டு வாங்கிய வேலை. நாளைக் காலையில் டீச்சர் வந்து எடுத்துப் போவார். ஆனால் குழாய்க்குள் தெரியும் வியாழன், கடுகு போன்ற தன் நான்கு நிலாக்களோடு, மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து மறைந்துவிடுகிறது. மூன்றாவது முறையாக அதை நடுவுக்குக் கொண்டுவந்து, ஸ்பானரால் போல்ட்டை முறுக்குகிறார். மறுபடி நழுவுகிறது.

"போல்ட்டு உடையப் போகுது. தள்ளுங்க, நான் பார்க்கறேன்" என்கிறாள் மனைவி, காய்ந்த துணிகளைத் தோளில் போட்டபடி.

"நீ பார்த்தா மட்டும் நின்னுடுமா?"

அவள் குழாயைத் திருப்பி, தூரத்து செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கில் நிறுத்துகிறாள். இருவரும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். ஐந்து நிமிடமாகியும் விளக்கு ஆணி அடித்த மாதிரி அங்கேயே நிற்கிறது.

"ஸ்டாண்டு ஆடலைங்க."

"அப்ப எதுதான் நகருது?"

"பூமி சுத்துதுன்னு படிச்சமே, அது இதுதான் போல. கோபுரம், மாடி, நாம எல்லாரும் சேர்ந்தே போறோம்."

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, வெயில் சூடு ஆறாத தளத்தில் உள்ளங்கையை மெதுவாகப் பதிக்கிறார் பட்டறைக்காரர், ஓடும் மோட்டாரின் அதிர்வைத் தொட்டுப் பார்ப்பவரைப் போல.