கண்ணாடியில் சந்தனம்

ஏணியின் கடைசிப் படியில் கால் வைத்ததுமே மணம் வந்தது.

சந்தனம்.

மொட்டைமாடிக்கு யார் சந்தனம் கொண்டுவந்தார்கள் என்று யோசித்தபடி அவள் தலையை உயர்த்தினாள்.

எட்டு சோலார் பேனல்கள். எட்டுக்கும் கீழ் ஓரத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனப் பட்டை. நடுநடுவே குங்குமம். கஞ்சத்தனம் பார்க்காமல் பூசியிருந்தார்கள்.

ஆயுத பூசை முடிந்து இரண்டு வாரம். ஒரு துளி மழையில்லை. வெயில் சந்தனத்தை ஓடாகக் காயவைத்திருந்தது.

சோலார் கரண்ட் படுத்துக்கொண்டதும் அதே இரண்டு வாரமாகத்தான்.

பேனலின் கீழ் ஓரம் மறைந்தால் போதும், பேனல் மொத்தமும் சோர்ந்துவிடும். பயிற்சியில் முதல் வாரமே சொல்லித் தந்தது.

கம்பெனியிலிருந்து ஏற்கெனவே இரண்டு பேர் வந்து போனார்கள். இருவரும் கீழே சுவரில் மாட்டியிருக்கும் இன்வெர்ட்டரைத் திறந்தார்கள், மூடினார்கள், பேனலையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாடி ஏற இருவருக்குமே முழங்கால் வலி போலிருக்கிறது.

மூன்றாவதாக அவள்.

ஆறு வருடம் அதே கம்பெனியில் புகார் போன் எடுத்தவள். பயிற்சி முடித்துத் தனியாக வந்திருக்கும் முதல் வீடு. இன்று சரியாகாவிட்டால் திங்கள்கிழமை மறுபடியும் போன் மேசைதான். மேலாளர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மணி ஏழரை. கண்ணாடி இன்னும் சூடேறவில்லை. ஏறிவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும்.

துணியை நனைத்துப் பட்டைமேல் போட்டு ஊறவைத்தாள். தேய்த்தாள்.

முதல் பேனல் பாதி முடிந்திருந்தது. பின்னால் யாரோ நின்றார்கள்.

வீட்டுக்காரி பூரணம். கையில் அவளுக்கான காப்பி.

"சாமிக்கு வச்சத அழிக்கிறியாம்மா?"

குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆறு வருடம் போனில் சொல்லிப் பழகிய 'மன்னிக்கணும் மேடம்' நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

பேனலைச் சுற்றியிருந்த அலுமினியச் சட்டத்தைத் தட்டிக் காட்டினாள்.

"நெத்தி இதும்மா. நீங்க கண்ணுல பூசிட்டீங்க."

பூரணம் பேனலைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். சூரியனையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

காப்பியைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். முந்தானையை இழுத்து வாளியில் முக்கினாள். இரண்டாவது பேனலின் முன்னால் போய்க் குந்தினாள்.

எட்டையும் இருவருமாகத் தேய்த்து முடித்தார்கள். காப்பி ஆறிப்போனது.

பதினொரு மணிக்குக் கீழே, இன்வெர்ட்டர் திரையில் எண் ஏறியது.

ஒன்று. ஒன்றே முக்கால். இரண்டரை.

இரண்டரை கிலோவாட்டில் நின்றது. எட்டு பேனலுக்கு அது நிறைவான கணக்கு.

பூரணத்தின் போன் அடித்தது. அடுப்படியிலிருந்து வந்தவள் மாவுக் கையால் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

மேலாளர்.

"சரி ஆயிருக்காதுங்கம்மா, தெரியும். சாயங்காலம் நல்ல மெக்கானிக்கா ஒருத்தர அனுப்பி வைக்கிறேன்."

"அதான் அனுப்பிட்டீங்களே சார். உங்களுக்கே தெரியாதா?"

பூரணம் போனை வைத்தாள். கையைத் துடைத்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

"அடுத்த தெருவுல எங்க அண்ணன் வீடு இருக்கு. அங்கயும் நான்தான் பூசிவிட்டேன். வெயில் சாஞ்சதும் வாங்க, ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்."

வெயில் சாய்ந்ததும் மெக்கானிக் வாளியை எடுத்துக்கொண்டாள்.